பேறுகாலமும் தகப்பனின் விடுப்பும்



புதுவையிலிருந்து விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையில், வில்லியனூரைத் தாண்டி மேற்கே போனால் திருபுவனையும் அதையடுத்துத் திருவாண்டார்கோயிலும் வருகின்றன. நெல் வயல்களுக்கும் கரும்புக் கொல்லைகளுக்கும் நடுவே இன்று அங்கே ஆலைகள் நிற்கின்றன. இரவு பகல் என ஷிப்டு முறையில் வேலை நடக்கிறது. சுல்தான்பேட்டையிலிருந்தும் சுற்றுப்புற ஊர்களிலிருந்தும் நம் சமுதாய இளைஞர்கள் அங்கே சென்று ஹலாலான உழைப்பில் குடும்பம் நடத்துகிறார்கள்.

இத்தகைய ஓர் இளைஞருக்கு முதற்குழந்தை பிறக்கவிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எத்தனை நாள் விடுப்பு எடுப்பது? எந்த நாளில் எடுப்பது? சம்பளத்தோடு கிடைக்குமா? கிடைக்காது என்றால், காய்ச்சல் என்று ஒரு டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கிக் கொடுத்துவிடலாமா? இவை உலகக் காரியங்களைப் பற்றிய கேள்விகளாகத் தோன்றலாம். ஆனால் நஃபகா, அமானத், உண்மை, கலந்தாலோசனை ஆகிய மார்க்கக் கடமைகள் இவற்றினுள் அடங்கியிருக்கின்றன. ஆகவே இம்மாதப் பாடத்தில் இதனையே எடுத்துக்கொள்வோம்.

தகப்பன் மீதுள்ள பொறுப்பு

பிள்ளைப்பேறு பெண்களின் காரியம், ஆண் செய்யவேண்டியது ஆஸ்பத்திரிப் பணத்தைக் கட்டுவதே என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிக் கிடக்கிறது. திருக்குர்ஆன் இதனை எப்படி நோக்குகிறது? தாய் பலவீனத்தின் மேல் பலவீனமாகப் பிள்ளையைச் சுமந்தாள் என்று லுக்மான் அத்தியாயத்தின் 14ஆம் வசனம் நினைவூட்டுகிறது. அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனமோ, பாலூட்டும் காலத்தைப் பற்றிப் பேசும்போது, தாயின் உணவுக்கும் உடைக்கும் தகப்பனையே பொறுப்பாளி ஆக்குகிறது. பிள்ளையின் பொருட்டுத் தாயும் துன்புறுத்தப்படலாகாது, தகப்பனும் துன்புறுத்தப்படலாகாது என்று கூறுகிறது. பால்குடி மறக்கச் செய்வதைக்கூட இருவரும் மனமொப்பிக் கலந்து பேசியே முடிவு செய்யவேண்டும் என்று அதே வசனம் கற்பிக்கிறது.

பால்குடி மறக்கச் செய்வதற்கே கலந்தாலோசனை வேண்டுமென்றால், பிள்ளை பிறக்கும் நாளில் கணவன் எங்கே இருப்பது என்பதற்கு அது வேண்டாமா? ஆகவே விடுப்புத் திட்டத்தின் முதற்படி மேலாளரின் அறையில் இல்லை. மனைவியோடு உட்கார்ந்து, எந்த நாட்களில் என் துணை உனக்கு அதிகம் தேவைப்படும் என்று கேட்பதே முதற்படி.

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, தம் குடும்பத்தாரின் பணியில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்ற கருத்தில் அவர்கள் விடையளித்ததை புகாரி கிரந்தத்தில் காண்கிறோம். உலகுக்கே வழிகாட்ட வந்த நாயகம் (ஸல்) அவர்களுக்கு வீட்டு வேலை இழுக்காகவில்லை. நமக்கு மட்டும் எப்படி இழுக்காகும்?

விடுப்புக்கு ஒரு முன்மாதிரி

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் பத்ருப் போர் நேர்ந்தது. முஸ்லிம்களின் எண்ணிக்கை 300க்குச் சற்றே அதிகம். ஒவ்வொருவரும் தேவைப்பட்ட நேரம் அது. அப்போது உஸ்மான் (ரலி) அவர்களின் துணைவியாரும் நபி (ஸல்) அவர்களின் திருமகளாருமான ருகையா (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தார்கள். அவர்களைக் கவனிப்பதற்காக உஸ்மான் (ரலி) அவர்களை மதீனாவிலேயே இருக்கும்படி நபியவர்கள் பணித்தார்கள். அத்தோடு விட்டார்களா? பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நற்கூலியும் போர்ப்பொருளில் பங்கும் அவருக்கு உண்டு என்று அறிவித்தார்கள். இதுவும் புகாரியில் பதிவாகியுள்ளது.

இதனை இன்றைய மொழியில் சொன்னால், மனைவியைக் கவனிக்கச் சம்பளத்தோடு கூடிய விடுப்பு! பெற்றவர் சோம்பேறி என்று இகழப்படவில்லை. கொடுத்தவர் ஆள் குறைகிறதே என்று முகம் சுளிக்கவில்லை. மற்றொரு சமயம், போருக்குப் பெயர் கொடுத்திருந்த ஒருவர் தம் மனைவி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டிருப்பதைத் தெரிவித்தபோது, நீர் சென்று மனைவியோடு ஹஜ் செய்வீராக என்ற கருத்தில் அவரையும் நபியவர்கள் அனுப்பிவைத்தார்கள்.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியிலும் இவ்வழி தொடர்ந்தது. பால்குடி மறந்த குழந்தைக்கே பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை என்று இருந்ததால், ஒரு தாய் அத்தொகைக்காகத் தன் குழந்தைக்கு அவசரமாகப் பால் மறக்கடிப்பதை ஓர் இரவு அவர்கள் அறிந்தார்கள். மனம் நொந்து, பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் தொகை உண்டு என விதியையே மாற்றினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். போர் வீரர்கள் மனைவியரை விட்டு நெடுங்காலம் பிரிந்திருக்கலாகாது என்று அவர்கள் காலவரை விதித்ததும் பெயர்பெற்ற செய்தி. அது 4 மாதம் என்றும் 6 மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. விதிகள் குடும்பத்தை நசுக்கும்போது விதியை மாற்றுவதே இஸ்லாமிய ஆட்சியின் மரபாக இருந்தது என்பதை இவற்றால் அறிகிறோம்.

நம் நாட்டுச் சட்டம் தருவது என்ன?

விடுப்புக்குத் திட்டமிடுபவர் தமக்குரிய விதியை முதலில் அறிந்துகொள்ளவேண்டும்.

மத்திய அரசு ஊழியருக்கு 1972ஆம் ஆண்டின் விடுப்பு விதிகளில் 43-ஏ என்ற பிரிவு இருக்கிறது. உயிரோடுள்ள பிள்ளைகள் இரண்டுக்குக் குறைவாக இருக்கும் ஆண் ஊழியருக்கு, மனைவியின் பேறுகாலத்தில் 15 நாள் தந்தைமை விடுப்பு முழுச் சம்பளத்தோடு உண்டு. பேற்றுக்கு 15 நாள் முன்னதாகத் தொடங்கி, பிறந்து 6 மாதத்திற்குள் இதனை எடுத்துவிடவேண்டும், தவறினால் காலாவதியாகிவிடும். இந்நாட்கள் வேறு விடுப்புக் கணக்கில் கழிக்கப்படுவதில்லை. சாதாரணமாக இதனை மறுக்கவும் கூடாது.

தனியார் ஆலைத் தொழிலாளிக்கோ இத்தகைய உரிமை சட்டத்தில் இல்லை. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் தாய்க்கே உரியது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் அவளுடைய 12 வார விடுப்பை, முதலிரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரமாக உயர்த்தியது. இச்சட்டத்தின் இடத்திற்கு வந்த 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் தாயின் 26 வாரத்தைக் காத்துவைத்திருக்கிறது. தகப்பனைப் பற்றிப் பேசவில்லை. 2017இல் ராஜீவ் சாதவ் என்ற மக்களவை உறுப்பினர் தந்தைமைப் பயன் மசோதா ஒன்றைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

2023இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு ஒரு வழக்கு வந்தது. செயற்கைக் கருத்தரிப்பு சிகிச்சையால் கருவுற்றிருந்த மனைவியைக் கவனிக்க ஒரு காவல் ஆய்வாளர் 90 நாள் விடுப்புக் கேட்டார். கொடுத்த விடுப்பைச் சட்டம் ஒழுங்கு காரணம் கூறி மேலதிகாரிகள் திரும்பப் பெற்றனர். பின்னர் பணியை விட்டோடியவர் என்றும் ஆணையிட்டனர். அவ்வாணையை நீதிமன்றம் ரத்து செய்தது. பெற்றோர் இருவரின் அரவணைப்பும் குழந்தையின் உரிமையைச் சார்ந்தது, தந்தைமை விடுப்புக்குச் சட்டம் இயற்றுவது தேவை என்றும் நீதிபதி எடுத்துரைத்தார்.

நம்மவர் பிழைக்கச் செல்லும் நாடுகளையும் பார்ப்போம். சிங்கப்பூரில் 2025 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் குழந்தைகளின் தகப்பன்மாருக்கு 4 வாரம் அரசுச் செலவில் விடுப்பு உண்டு. மலேசியாவில் 2023 முதல் தொடர்ந்து 7 நாள். ஐக்கிய அரபு அமீரகத்தில் தனியார் ஊழியருக்கு 5 வேலை நாட்கள். அதனைப் பிள்ளை பிறந்து 6 மாதத்திற்குள் எடுக்கலாம். சவூதி அரேபியாவில் 3 நாள். அந்நாடுகளில் வேலை செய்யும் சகோதரர்கள் தங்களுக்குரியதை விட்டுவிடாமல் கேட்டுப் பெறவேண்டும்.

அப்படியானால் நம் ஊர் ஆலைத் தொழிலாளி என்ன செய்வது? அவருக்குக் கைகொடுப்பது சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுப்பு. 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்பது கணக்கு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் ஆண்டுக்கு 240 நாள் வேலை செய்திருந்தால்தான் இவ்வுரிமை உண்டு என்றிருந்தது. 2020ஆம் ஆண்டின் பணிப்பாதுகாப்புத் தொகுப்பு அதனை 180 நாளாகக் குறைத்தது. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. 240 நாள் உழைத்தவருக்கு 12 நாள், 300 நாள் உழைத்தவருக்கு 15 நாள் சேர்கிறது. எடுக்காத நாட்களை 30 வரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லலாம். ஆகவே மனைவி கருவுற்ற செய்தி தெரிந்த அன்றிலிருந்தே, சில்லறைக் காரியங்களுக்கு விடுப்பைச் செலவழிக்காமல் சேர்த்துவைப்பது அறிவுடைமை. காண்ட்ராக்டர் வழியாக வேலை செய்பவரும் தம் நாட்களின் கணக்கைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளவேண்டும்.

மனைவியும் வேலைக்குச் செல்பவராயின், பிள்ளை வந்துவிட்டது என்று உடனே ராஜினாமா எழுதவைப்பது சரியன்று. பேற்றுக்கு முந்திய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் அவருக்கு 26 வார விடுப்பு உண்டு. அதில் 8 வாரம் வரை பேற்றுக்கு முன்பே எடுக்கலாம். அச்சம்பளம் அவருடைய உடைமை. பெண்கள் சம்பாதித்தது பெண்களுக்கே என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 32ஆம் வசனம் தரும் தீர்ப்பு.

பொய்ச் சான்றிதழ் வேண்டாம்

இனி நம் பாடத்தின் முக்கியமான இடத்திற்கு வருவோம். தந்தைமை விடுப்பு என்று ஒன்று இல்லாததால், பலர் உடல்நலமில்லை என்று பொய்யாக எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். நல்ல காரியத்திற்குத்தானே, யாருக்கு நஷ்டம் என்று சமாதானமும் சொல்லிக்கொள்கிறார்கள்.

சற்றே சிந்தியுங்கள். ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே கட்டளையிடுகிறது. வேலை ஓர் ஒப்பந்தம். வேலை நேரம் ஓர் அமானத். இ.எஸ்.ஐ.யில் நோய்க்காலப் பயனாகக் கூலியில் 70 சதவீதம் கொடுக்கிறார்கள். அது மெய்யாகவே நோயுற்ற தொழிலாளர்களுக்காகத் தொழிலாளர்களும் முதலாளிகளும் செலுத்திய பணம். பொய் சொல்லி அதனைப் பெறுவது அவர்களின் பங்கில் கைவைப்பதாகும், சட்டப்படியும் குற்றமாகும். பிறந்த குழந்தையின் காதில் பாங்கு ஓதும் அதே நாளில், அதன் தாய் உண்ணும் உணவைப் பொய்யின் ஊதியத்தால் வாங்கலாமா?

ஹலாலான வழிகள் இல்லாமலில்லை. சேர்ந்திருக்கும் ஆண்டு விடுப்பைக் கேட்கலாம். உடன் வேலை செய்பவரோடு, சூப்பர்வைசரின் சம்மதம் பெற்று, ஷிப்டை மாற்றிக்கொள்ளலாம். ஒன்றும் இயலாவிடில் சம்பளமில்லாத விடுப்பு எடுக்கலாம். அந்நாட்களின் கூலி போயிற்றே என்று வருந்தவேண்டாம். குடும்பத்திற்காக நற்கூலியை நாடிச் செலவிடுவது ஸதகா என்று நபியவர்கள் நவின்றிருக்கிறார்கள். மனைவிக்காக விட்டுக்கொடுத்த ஒரு நாள் கூலியும் அவ்வாறான செலவே என்று நாம் நல்லெண்ணம் கொள்ளலாம்.

நாட்களைப் பங்கிடும் முறை

மருத்துவர் குறித்துத் தரும் தேதி, கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் கூட்டி எடுக்கும் மதிப்பீடு. 37 வாரம் முடிந்தபின் எந்த நாளிலும் வலி காணலாம். ஆகவே ஒரே தேதியை நம்பி மொத்த விடுப்பையும் எழுதிக் கொடுத்தால், பிள்ளை பிறக்குமுன்பே விடுப்புத் தீர்ந்துபோகவும் கூடும். 12 நாள் கையிலிருப்பவர் மூன்று பங்காகப் பிரித்துக்கொள்வது நன்று.

முதற்பங்கு, பேறு நேரும்போது 4 நாள். திருவாண்டார்கோயிலிலிருந்து புதுவை நகரின் பெரிய மருத்துவமனைகள் சுமார் 20 கிலோமீட்டர். இரவு ஷிப்டில் இருக்கும்போது அழைப்பு வந்தால் யார் வண்டி எடுப்பது, யார் உடன் போவது, இரத்தம் தேவைப்பட்டால் யாரை அழைப்பது என்பதை முன்பே முடிவு செய்து வைக்கவேண்டும். 108 ஆம்புலன்சை அழைக்க வீட்டிலுள்ள அனைவருக்கும் தெரிந்திருக்கட்டும். பேறு முடிந்த முதல் 24 மணி நேரம் தாய்க்கு மிகவும் கவனம் தேவைப்படும் நேரம். அதிக உதிரப்போக்கு, வலிப்பு, கடும் தலைவலி, காய்ச்சல் ஆகியவற்றைக் கண்டால் ஒரு நொடியும் தாமதிக்கலாகாது. கையெழுத்திடவும் முடிவெடுக்கவும் கணவன் பக்கத்தில் இருப்பது எத்தனை பெரிய பலம்!

இரண்டாம் பங்கு, 7ஆம் நாளையொட்டி 2 நாள். பெயர் சூட்டுதல், முடி இறக்குதல், இயன்றவர்க்கு அகீகா ஆகியவற்றுக்குரிய நாள் அது. பிறப்பு 21 நாளுக்குள் பதிவாகவேண்டும். மருத்துவமனை தந்த விவரங்களில் பெற்றோர் பெயர்கள் சரியாக எழுதப்பட்டுள்ளனவா என்று பார்ப்பதும் தகப்பன் வேலையே. ஓர் எழுத்துப் பிழைக்காகப் பிற்காலத்தில் பிள்ளை அலுவலகம் அலுவலகமாக அலையவேண்டாம்.

மூன்றாம் பங்கு, 40ஆம் நாளையொட்டி 6 நாள். தலைப்பேற்றுக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது நம் வழக்கம். அங்கே தாயும் சகோதரிகளும் துணை நிற்கிறார்கள். தாயும் பிள்ளையும் கணவன் வீட்டுக்குத் திரும்பும்போதுதான் கைமாற்ற ஆளில்லாமல் போகிறது. குழந்தைக்கு 6 வாரத்தில் போடவேண்டிய தடுப்பூசியும் அந்நாட்களிலேயே வருகிறது. ஆகவே மொத்த விடுப்பையும் முதல் வாரத்தில் தீர்த்துவிட்டவர், மிகவும் தேவைப்படும் வாரத்தில் கைவிரித்து நிற்பார். மனைவி பேற்றுக்குக் கணவன் வீட்டிலேயே இருப்பாரானால், மூன்றாம் பங்கின் நாட்களை முதற்பங்கோடு சேர்த்துவிடலாம்.

இதனோடு ஒரு மஸ்அலாவையும் தெரிந்துகொள்வது அவசியம். நிபாஸ் உதிரத்தின் உச்சவரம்பு ஹனஃபி மத்ஹபில் 40 நாள், ஷாபிஈ மத்ஹபில் 60 நாள். 40 நாளும் காத்திருந்தே தீரவேண்டும் என்பது தவறு. உதிரம் முன்பே நின்றுவிட்டால் குளித்துத் தொழுகையைத் தொடங்கிவிடவேண்டும். அவர் குளிக்க வெந்நீர் வைத்துக் கொடுப்பதும், தொழும் நேரத்தில் அழும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொள்வதும் விடுப்பிலிருக்கும் கணவனின் வேலை.

விண்ணப்பத்தை எப்போது கொடுப்பது? 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில், 15 நாள் முன்னதாக எழுத்தில் கேட்கவேண்டும், ஆண்டில் மூன்று தவணைக்கு மேல் பிரிக்கலாகாது என்ற ஒழுங்கு இருந்தது. அதனை அளவாகக் கொண்டு ஒரு மாதம் முன்பே கொடுப்பது நம் பண்பாட்டுக்கு ஏற்றது. வாசகம் இவ்வாறு சுருக்கமாகவும் உண்மையாகவும் இருக்கட்டும்:

“ஐயா, என் மனைவிக்கு இன்ன தேதியையொட்டிப் பேறுகாலம் என மருத்துவர் குறித்துள்ளார். தேதி முன்பின்னாக மாறலாம். என் ஆண்டு விடுப்பிலிருந்து பேறு நேரும்போது 4 நாளும், 7ஆம் நாளையொட்டி 2 நாளும், 40ஆம் நாளையொட்டி 6 நாளும் அனுமதிக்க வேண்டுகிறேன். என் வேலையை இன்னாரிடம் சொல்லிக் கொடுத்துள்ளேன்.”

மருத்துவர் சீட்டின் நகலை இணைத்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கிவைத்துக்கொள்ளவேண்டும்.

விருந்து விடுப்பை விழுங்கலாகாது

அரும்பாடுபட்டுப் பெற்ற விடுப்பு எங்கே போகிறது? பந்தல்காரரைத் தேடுவதிலும், பத்திரிகை கொடுப்பதிலும், பிரியாணிச் சட்டிக்கு அலைவதிலும் கழிந்துவிடுகிறது. பிள்ளை பெற்றவளோ வந்த விருந்தினருக்கு முகம் காட்டவே தூக்கமிழக்கிறாள்.

அகீகா ஷாபிஈ மத்ஹபில் வலியுறுத்தப்பட்ட சுன்னத். ஆண் பிள்ளைக்கு இரண்டு ஆடு, பெண் பிள்ளைக்கு ஓர் ஆடு என்பது சிறப்பு. 7ஆம் நாளில் இயலாவிடில் பிள்ளை பருவமடையும் வரை அவகாசம் உண்டு. கடன் வாங்கிச் செய்யும்படி மார்க்கம் யாரையும் பணிக்கவில்லை. ஆனால் மனைவிக்கு உணவும் ஓய்வும் மருத்துவமும் தாமதிக்க இயலாதவை. கையிலிருப்பது ஓர் ஆட்டின் விலையா, 10 நாள் கூலியா என்ற நிலை வந்தால், முதலில் சம்பளமில்லா விடுப்பெடுத்து மனைவியருகில் இருங்கள். அகீகாவைப் பின்னர் மகிழ்வோடு கொடுங்கள்.

முதலாளிமாரும் ஜமாஅத்தும்

நம் சமுதாயத்தில் கடையும் பட்டறையும் நடத்துவோர் பலர். சட்டம் கட்டாயப்படுத்தவில்லையே என்று அவர்கள் வாளாவிருக்கலாமா? பத்ரின் பங்கை உஸ்மான் (ரலி) அவர்களுக்கு அளித்த நபியின் உம்மத் அல்லவா நாம்! கடைச் சிப்பந்தியின் வீட்டில் பேறு என்றால், 5 நாளாவது சம்பளத்தோடு அனுப்பிவைப்பதை நம் கடைகளின் வழக்கமாக்குவோம்.

ஜமாஅத்தார் செய்யக்கூடியதும் உண்டு. தினக்கூலிக்காரர் ஒருவர் வேலைக்குப் போகாத நாட்களுக்கு, அவர் வீட்டு அரிசிக்கும் பாலுக்கும் பைத்துல்மாலிலிருந்து உதவினால், அவர் பொய் சொல்லவும் வேண்டியதில்லை, மனைவியைத் தனியே விடவும் வேண்டியதில்லை. குத்பாவில் பெற்றோரின் உரிமைகளைப் பேசும் ஆலிம் பெருமக்கள், பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் தரவேண்டிய நேரத்தைப் பற்றியும் எடுத்துரைப்பார்களாக.

ஒவ்வொருவரும் ஒரு மேய்ப்பர், ஒவ்வொருவரும் தம் மந்தையைப் பற்றி விசாரிக்கப்படுவர் என்பது நபிமொழியின் கருத்து. எத்தனை நாள் ஓவர்டைம் பார்த்தாய் என்று மட்டுமா அந்த விசாரணை இருக்கும்? உன் பொறுப்பில் விடப்பட்டவள் வலியில் துடித்தபோது நீ எங்கே இருந்தாய் என்றும் கேட்கப்படலாம். அன்று நாணாமல் விடைசொல்ல, இன்றே நாட்காட்டியை எடுத்து மனைவியோடு அமர்வோம்.

வல்ல அல்லாஹ் நம் பெண்மக்களின் பேறுகாலத்தை இலேசாக்குவானாக! நம் பிள்ளைகளுக்கு ஹலாலான உணவையும் தகப்பனின் அரவணைப்பையும் ஒருங்கே தருவானாக! ஆமீன்.